குமிழி நின்றால் பீர் ஆகிவிட்டதா?

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-லேயே போய்விட்டது. ஆனால் வீட்டில் பீர் காய்ச்ச மத்திய அரசு இடம் கொடுத்தது 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான். அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை முரண்டு பிடித்தன. நம் ஊரில் உரிமம் இல்லாமல் காய்ச்சினால் போலீஸ் வரும். ஆகவே இந்த டீ முடியும்வரை அமெரிக்கப் புதியவர் ஒருவரின் அடுப்படியில் நின்று வேடிக்கை பார்ப்போம்.

அவர் பெரும்பாலும் மால்ட் சாறில்தான் தொடங்குவார். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இறங்கிய இனிப்புநீரைப் பாகாகச் சுண்டவைத்தது அது. டின்னில் விற்கிறார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார். பூவின் கசப்பு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். மணமோ அதற்குள் ஆவியோடு போய்விடும். அதனால் மணத்துக்கென்று இன்னொரு பிடியைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுவார்கள். இந்தக் கஷாயத்துக்கு வோர்ட் என்று பெயர். இதில் ஒரு துளி ஆல்கஹால் கிடையாது.

ஆல்கஹாலை உண்டாக்குவது ஈஸ்ட். சூட்டோடு போட்டால் அது செத்துப்போகும் என்பதால், வோர்ட்டை 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆறவைத்துத் தூவுகிறோம். கொதி அடங்கியபின் அதைத் தொடும் வாளி, கரண்டி, குழாய் எல்லாம் கிருமிநாசினியில் முக்கி எடுத்தவையாக இருக்க வேண்டும். பளிச்சென்று கழுவினால் மட்டும் போதாது. சர்க்கரையைக் கண்டால் விடாதது ஈஸ்ட் மட்டும்தானா என்ன?

வாளியின் மூடியில் ஏர்லாக் என்ற சின்ன வளைகுழாய், அதில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். வெளிக்காற்று உள்ளே நுழையாது. முதல் நாள் பெரும்பாலும் சத்தமே இருக்காது. பிறகு குமிழிகள் ‘ப்ளுக் ப்ளுக்’ என்று வரத் தொடங்கி, சில நாளில் ஓயும்.

எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். குமிழி வராவிட்டால் ஈஸ்ட் செத்துவிட்டது, நின்றுவிட்டால் பீர் தயார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். குமிழிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த வழியாக வாயு போகிறது. மூடி சரியாக இறுகாத வாளியில் வாயு ஓரமாகக் கசிந்துவிடும். உள்ளே அமர்க்களமாக நொதித்துக்கொண்டிருந்தாலும் ஏர்லாக் அசையாது. நொதித்து முடிந்த பீரிலோ வாயு கரைந்து கிடக்கும். அறை சற்றுச் சூடானால் அது கிளம்பி, வேலை நடப்பதாகப் பாவலா காட்டும்.

அப்படியானால் எதை நம்புவது? ஹைட்ரோமீட்டரை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானியின் உடன்பிறப்பு இது. சர்க்கரை கரைந்த நீர் கனமானது, அதில் மிதவை உயர்ந்து நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன மிதவை அமிழும். தொடக்கத்தில் 1.050 காட்டியது 1.012-க்கு இறங்கினால், ஏறக்குறைய 5 சதவீத ஆல்கஹால். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை பார்த்தும் எண் மாறாமல், எதிர்பார்த்த அளவை ஒட்டியும் இருந்தால்தான் முடிந்ததென்று அர்த்தம்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், அடுத்து வருவது பாட்டில். 19 லிட்டர் பீருக்குச் சுமார் 110 கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்து மூடுகிறார்கள். எஞ்சிய ஈஸ்ட் அதைத் தின்று விடும் வாயு, போக வழியில்லாமல் பீரிலேயே கரையும். நுரை வருவது அதனால்தான். 1.020-இல் அவசரப்பட்டு அடைத்தால், தின்னாமல் விட்ட பழைய சர்க்கரையும் சேர்ந்து அழுத்தம் கொடுத்து, பாட்டில் வெடித்துக் கண்ணாடி சிதறும். விவரமானவர்கள் நுரை ஏறப் பிடிக்கும் இரண்டு வாரமும் பாட்டில்களை மூடிபோட்ட கனத்த பெட்டியில்தான் வைப்பார்கள்.