லாஸ்யா: ஒரு பெயரும் ஒரு வசையும்

பெண் குழந்தைகளுக்கு வைக்கப்படும் சமஸ்கிருதப் பெயர்களில் 'லாஸ்யா'வுக்கு இப்போது நல்ல மவுசு. அர்த்தம் கேட்டால், 'பார்வதியோட நடனம்' என்பார்கள். தப்பில்லை. ஆனால் ஒரு பெயரின் அர்த்தம் அகராதியோடு முடிந்துவிடுவதில்லை. அதே பொருளுடைய வேறு சொற்கள் என்ன ஆயின என்பதும் அந்த அர்த்தத்தில் சேர்த்திதான்.

'லஸ்' என்ற வினையடிக்கு ஒளிர்தல், விளையாடுதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த லாஸ்யம், சிருங்காரம் சார்ந்த நளினமான ஆடலைக் குறிக்கும். பரதரின் நாட்டிய சாஸ்திரம் லாஸ்யத்தின் உறுப்புகளைப் பட்டியலிடுகிறது. நந்திகேசுவரர் பெயரில் வழங்கும் அபிநய தர்ப்பணம் ஒரு வம்சாவளியே சொல்கிறது: சிவனின் தாண்டவம் தண்டு மூலம் பரவியது, லாஸ்யத்தைப் பார்வதி பாணாசுரன் மகள் உஷைக்குக் கற்பித்தாள், உஷை துவாரகையின் ஆயர் பெண்களுக்கு, அவர்கள் சௌராஷ்டிரப் பெண்களுக்கு. தாண்டவம் ஆண், லாஸ்யம் பெண் என்ற எதிர்வு இப்படித்தான் கெட்டிப்பட்டது. லலிதா சகஸ்ரநாமம் தேவியை 'லாஸ்யப்பிரியா' என்கிறது. ஒரு பெயர் விட்டு அடுத்த பெயர் 'லஜ்ஜா', அதாவது நாணம். ஆடலாம், ஆனால் நாணத்தோடு என்று இதை வாசிக்க இடமிருக்கிறது.

தமிழுக்கு வருவோம். ஆடலுக்கு நம்ம சொல் கூத்து. கூத்தன் என்றால் சிவன். ஒட்டக்கூத்தர் சோழ அவைப் புலவர். நடராசனைத் தமிழ்ப்படுத்த 'கூத்தரசன்' தயாராக இருக்கிறது. சரி, கூத்தனுக்குப் பெண்பால் என்ன? கூத்தி. எந்த அப்பனாவது மகளுக்கு வைப்பானா? ஆடுமகள் என்ற பொருளுக்குப் பக்கத்திலேயே வைப்பாட்டி என்ற பொருளும் உட்கார்ந்திருக்கிறது. தேவரடியார் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியைத் தெருச்சண்டைகளில் கேட்கலாம். சங்கப் பாடல்களின் விறலியோ பாடப்புத்தகத்தைத் தாண்டவில்லை.

ஆக, ஆடுகிற ஆண் தெய்வம். ஆடுகிற பெண் வசை. அதே பெண்ணைச் சமஸ்கிருதத்தில் சொன்னால் சுத்தமாகிவிடுகிறாள். இந்தச் சுத்திகரிப்பு மொழியின் மகிமையால் நடந்ததல்ல. 1932இல் சென்னை மியூசிக் அகாதெமி, சதிரைப் பரதநாட்டியம் என்று அழைக்கத் தீர்மானித்தது. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கப்பட்டது. கோயில்களில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. பொட்டுக்கட்டு ஒழிந்ததைப் பற்றிப் புலம்ப ஒன்றுமில்லை. அதை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர்தான். கேள்வி வேறு: ஆட்டம் மேல்சாதி வீட்டுக் கூடங்களுக்குப் போனது, வசை மட்டும் ஏன் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது? சிருங்காரமே இந்தக் கலையின் உயிர் என்று வாதாடிய பாலசரஸ்வதி அந்த மரபில் வந்தவர். சிருங்காரத்தைக் கழுவித் துடைத்த பிறகு மிஞ்சிய ஆடலின் பெயராகத்தான் இன்று லாஸ்யா புழங்குகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் 1014ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகச் சொல்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். சேரமங்கை, ஏகவீரி என்று நீளும் பட்டியலில் ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். கூத்தனின் தூக்கிய திருவடியையே பெயராகச் சுமந்த பெண். நடனத்திலிருந்து பெயர் எடுப்பது நமக்குப் புதிதல்ல. அப்போது அப்பெயர் ஆடுகிறவளிடமே இருந்தது. அரசனின் பெருமைக்காக அமர்த்தப்பட்டவள்தான் அவளும். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் பெயரைக் கல்லில் வெட்டுவதில் யாருக்கும் கூச்சமிருக்கவில்லை.

லாஸ்யா என்று வைக்காதீர்கள் என்பதல்ல இங்கே வாதம். நம் கதைகளின் வசனத்தில் 'கூத்தியா' எவ்வளவு சாதாரணமாக விழுகிறது! சினிமாக்காரர் அரசியலுக்கு வந்தால் முற்போக்கு மேடையிலேயே 'கூத்தாடி' என்கிறோம். அந்தச் சொற்களை வசையாக வைத்துக்கொண்டிருக்கும்வரை, லாஸ்யாவுக்கு நாம் சொல்லும் அர்த்தம் பாதிதான். மீதி அர்த்தம் கூத்தியிடம் இருக்கிறது.