ஒரு சுரத்துக்கு எவ்வளவு இடம்?

போன டிசம்பரில் ஒரு ஒத்திகை. நான்கு வயலின், ஒரு செல்லோ, ஒரு கிளாரினெட். பழைய கீர்த்தனை ஒன்றை அவர்களுக்காக நான் பிரித்து எழுதியிருந்தேன். பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முதல் பக்கத்தின் கடைசி பாரை எட்டியதும் முதல் வயலின் வாசித்த பெண் சட்டென்று நின்றுவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. செமிகுவேவர்கள், அதாவது கால் தட்டுச் சுரங்கள், பதினாறு பதினாறாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில் பக்கம் முடிந்திருந்தது. வலது கையில் வில், இடது கை விரல்கள் தந்தியில். தாளைப் புரட்ட அவளுக்குக் கை இல்லை. இரண்டு பார் தள்ளி, அடுத்த பக்கத்தில், நான்கு தட்டு ஓய்வு இருந்தது. அந்த இரண்டு பாரையும் முதல் பக்கத்திலேயே கொஞ்சம் நெருக்கி அடக்கியிருந்தால், ஓய்வில் நிதானமாகப் புரட்டியிருப்பாள்.

ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது ஐந்து கோட்டின்மேல், எழுதிய ஒரு பக்கத்துக்கு, வாசிப்பவரின் கையும் கண்ணும் தெரிந்திருக்க வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த அறிவு ஒரு கைத்தொழிலாக இருந்தது. இன்று அது நொட்டேஷன் மென்பொருள்களுக்குள் குடியேறியிருக்கிறது. எதை வாங்கலாம் என்று கேட்டு வரும் மாணவர்கள் விலையை விசாரிக்கிறார்கள், எது நன்றாக ஒலிக்கும் என்று விசாரிக்கிறார்கள். நான் அவர்களைக் கேட்பது வேறு: ஒரு சுரத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அந்த மென்பொருளுக்குத் தெரியுமா?

ஐரோப்பாவின் இசைப் பதிப்பகங்களில் ஈயம் கலந்த மெல்லிய உலோகத் தகட்டின்மேல்தான் இசையைச் செதுக்கினார்கள். ஐந்து முனை கொண்ட கருவியை ஒரே இழுப்பாக இழுத்தால் ஐந்து கோடும் விழும். சுரத்தின் தலைக்கு ஒரு அச்சு, சாவிக்கு ஒரு அச்சு; ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பதிப்பார்கள். காம்புகளைக் கூரிய உளியால் கீறுவார்கள். அச்சில் நேராக விழ வேண்டும் என்பதால் எல்லாமே இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல. தகட்டில் முதல் அடி விழுவதற்கு முன்பே எந்த வரியில் எத்தனை பார், எந்தச் சுரத்துக்கு எவ்வளவு இடம் என்று அளந்து குறித்துவிட வேண்டும். இதைக் கைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. ஜெர்மனியின் ஹென்லே பதிப்பகம் 20ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள்வரை இப்படிச் செதுக்கிய பக்கங்களை வெளியிட்டது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு செமிபிரீவ் பதினாறு செமிகுவேவர் நேரம் ஒலிக்கும். நேரத்துக்கு நேர் விகிதத்தில் இடம் விடலாமே என்றுதான் முதலில் தோன்றும். செமிகுவேவருக்கு 4 மில்லிமீட்டர் என்றால் செமிபிரீவுக்கு 64 மில்லிமீட்டர். ஏ4 தாளின் ஒரு வரியில் மூன்று நீண்ட சுரம்கூட முழுதாக உட்காராது. பக்கமெல்லாம் வெற்றிடம், இரண்டு நிமிடப் பாட்டுக்குக் கட்டுத் தாள். மாறாக எல்லாச் சுரத்துக்கும் ஒரே இடம் விட்டால், எது நீளம் எது குறுகல் என்று கண்ணுக்குப் பிடிபடாது. செதுக்குவோர் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள். நேரம் இரண்டு மடங்கானால் இடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் ஆகும். அதையே 2இன் வர்க்கமூலம், அதாவது 1.414 என்று வைத்துப் பாருங்கள். செமிகுவேவரிலிருந்து செமிபிரீவுக்குப் போக நான்கு முறை இரட்டிக்க வேண்டும். 1.414ஐ நான்கு முறை பெருக்கினால் 4. ஆக, பதினாறு மடங்கு நேரத்துக்கு நான்கு மடங்கு இடம்: 64 மில்லிமீட்டர் 16 ஆகிவிட்டது. கண் நீளத்தையும் உணர்கிறது, தாளும் வீணாவதில்லை.

இதோடு முடியவில்லை. வரிசையாக ஒரே அளவு சுரங்கள். ஒன்றுக்குக் காம்பு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கிய காம்பு தலையின் வலப்பக்கம் முளைக்கும், கீழ்நோக்கியது இடப்பக்கம். ஆகவே முதலில் மேல்காம்பு, பிறகு கீழ்காம்பு என்று வந்தால் இரண்டு காம்புகளும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். தலைகளின் இடைவெளி சமமாகவே இருந்தாலும் கண் காம்பையும் சேர்த்தே பார்க்கிறது. அந்த இரண்டும் நெருக்கியடிப்பதாகத் தோன்றும். நல்ல செதுக்குநர் அங்கே ஒரு மயிரிழை கூட்டுவார், தலைகீழாக வரும் இடத்தில் ஒரு மயிரிழை குறைப்பார். அளவுகோல் வைத்தால் அது பிழை. கண்ணுக்கு அதுதான் சமம். இந்த மயிரிழையைக் கணினிக்குச் சொல்லித்தருவதுதான் இந்த மென்பொருள்களின் வரலாறு.

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் ஸ்மித் என்ற இசையமைப்பாளர் ‘ஸ்கோர்’ என்ற நிரலை உருவாக்கத் தொடங்கினார். 1988இல் ஃபினாலே வந்தது. 1993இல் பென் ஃபின், ஜோனதன் ஃபின் என்ற ஆங்கிலேய இரட்டைச் சகோதரர்கள் சிபேலியஸை வெளியிட்டார்கள். அது முதலில் ஓடியது பிரிட்டிஷ் பள்ளிகளில் இருந்த ஏக்கார்ன் கணினியில். 1996இல் ஹான்-வென் நீன்ஹூய்ஸ், யான் நியூவன்ஹைசன் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் லில்லிபாண்டைத் தொடங்கினார்கள். ஜெர்மனியின் வெர்னர் ஷ்வேர் 2002இல் தொடங்கிய மியூஸ்ஸ்கோர் இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அது சுரங்களை வரையும் எழுத்துருவுக்கு ‘லேலண்ட்’ என்று பெயர் வைத்து, அந்த ஸ்டான்ஃபோர்ட் முன்னோடிக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். 2012இல் சிபேலியஸின் லண்டன் அலுவலகம் மூடப்பட்டபோது, அந்தக் குழுவில் முக்கியமானவர்களை ஸ்டைன்பெர்க் நிறுவனம் வேலைக்கு எடுத்தது. அவர்கள் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கி 2016இல் கொண்டுவந்தது டொரிக்கோ. 16ஆம் நூற்றாண்டில் ரோமில் இசை அச்சிட்ட ஒருவரின் பெயர் அது.

இவை எல்லாமே கடைசியில் ஐந்து கோட்டைத்தான் தருகின்றன. உள்ளுக்குள் இசையை நினைக்கும் விதம்தான் வேறு.

சிபேலியஸிலும் மியூஸ்ஸ்கோரிலும் பார் என்பது ஒரு பெட்டி. நான்கு தட்டுப் பெட்டி முதலில் ஓய்வால் நிரம்பியிருக்கும். நீங்கள் ஓய்வை எடுத்துவிட்டுச் சுரத்தை வைக்கிறீர்கள். கையால் எழுதிப் பழகியவருக்கு இது உடனே பிடிபடும். நடுவில் ஒரு தட்டு கூட்ட நினைத்தால், பின்னால் வருவதை எல்லாம் பிடித்து, வெட்டி, ஒரு தட்டு தள்ளி ஒட்ட வேண்டும். டொரிக்கோவில் சுரங்கள் ஒரு நீண்ட காலக்கோட்டின்மேல் கிடக்கின்றன. பார் என்பது அதன்மேல் பிறகு விழும் கோடு. நடுவில் ஒரு சுரத்தைச் செருகினால் பின்னால் உள்ளதெல்லாம் தானே நகரும். பார் கோட்டைத் தாண்டிப் போகும் சுரம் இரண்டாகப் பிரிந்து, வளைகோட்டால் இணைந்துகொள்ளும். தாளமே போடாமல் மெட்டை எழுதி வைத்துவிட்டு, பிறகு நான்கா ஐந்தா என்று முடிவு செய்யலாம். எழுதும்போதே தேடுகிற இசையமைப்பாளருக்கு இது பெரிய விடுதலை. முடிவான பாட்டைப் பிரித்து எழுதுபவருக்கு அந்த விடுதலை அவ்வளவாகத் தேவைப்படாது.

லில்லிபாண்ட் வேறு உலகம். அங்கே மவுஸால் சுரம் வைக்க மாட்டீர்கள். சுரத்தின் பெயரை எழுத்தாகவும் அளவை எண்ணாகவும் தட்டச்சு செய்கிறீர்கள்: ‘சி’க்குப் பக்கத்தில் 4 போட்டால் ஒரு தட்டு ஒலிக்கும் க்ரோட்செட், 2 போட்டால் இரண்டு தட்டு ஒலிக்கும் மினிம். எழுதி முடித்து ஓடவிட்டால் பக்கம் அச்சுக்குத் தயாராக வரும். வரியையும் பக்கத்தையும் எங்கே உடைப்பது என்று, பாட்டை முழுதாக முன்னால் வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. அதில் ஒரு வசதி உண்டு: வாசிப்பவருக்கு எங்கே ஓய்வு வருகிறது என்று தேடி, பக்கத்தை அங்கே முடிக்கச் சொல்லலாம். அந்த வயலின் பெண்ணுக்கு நான் செய்யத் தவறிய வேலை அதுதான்.

பாட்டைக் கேட்டுப் பார்ப்பது எல்லாவற்றிலும் முடியும். ஆனால் கணினியில் ஒலிப்பதும் தாளில் நிற்பதும் ஒன்றல்ல என்பதை நம் சங்கீதத்தைக்கொண்டு எளிதாகப் புரிந்துகொள்ளலாம். சலநாட்டையில் ஷட்சுருதி ரிஷபம், கரகரப்பிரியாவில் சாதாரண காந்தாரம்: ஆர்மோனியத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டைதான். ஆனால் ஒன்றை ‘ரி’ என்று பாடுகிறோம், மற்றதை ‘க’ என்று பாடுகிறோம். மேல்நாட்டு இசையிலும் அதே கட்டையை ஓரிடத்தில் டி ஷார்ப் என்றும் ஓரிடத்தில் ஈ ஃப்ளாட் என்றும் எழுதுவார்கள். மின்வாத்தியங்களும் கணினியும் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி என்ற ஏற்பாட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நடு ‘சி’ 60ஆம் எண். அதற்கு மேலே உள்ள இந்தக் கட்டை 63. அவ்வளவுதான், பெயர் கிடையாது. ஒலிக்க அது போதும். எழுத அது போதாது. கீபோர்டில் வாசித்ததை அப்படியே நொட்டேஷனாக மாற்றும்போது கோணல்மாணலாக வருவதற்கு இது ஒரு காரணம்.

கிளாரினெட்டிலும் இதே கதை. பி ஃப்ளாட் கிளாரினெட் வாசிப்பவர் ‘சி’ என்று பார்த்து ஊதினால் கேட்பது பி ஃப்ளாட். ஆகவே அவருக்கான தாளில் எல்லாவற்றையும் ஒரு முழு சுரம் மேலே எழுத வேண்டும். நல்ல மென்பொருள் உண்மையில் ஒலிக்கும் சுரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அவர் பார்க்க வேண்டியதை மட்டும் மாற்றிக் காட்டும். செல்லோவின் நீண்ட சுரம் முழு ஸ்கோரில் வயலினின் பதினாறு செமிகுவேவருக்குக் கீழே நீண்டு படுத்திருக்கும். செல்லோவுக்கான தனித் தாளில் அதுவே சுருங்கி உட்கார வேண்டும். ஒரே இசை, இரண்டு இடக்கணக்கு. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்துகிறதா என்று சோதித்துப் பார்க்காமல் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கமகத்தை, நம் சங்கீதத்தில் சுரம் அசையும் அசைவை, இவை எதுவும் தானாக அறியாது. அந்தக் குறை கணினியோடு பிறந்ததல்ல. 1890களிலேயே சென்னையில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி அச்சிட்டார். 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி வகுத்தார். கோட்டுக்குள் அசைவை அடக்க அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால், கீர்த்தனையை வயலின் குழுவுக்குப் பிரிக்கும் நாம் கணினியின் ஒலியை நம்பி எதையும் முடிவு செய்ய மாட்டோம். தாள் ஒரு மனிதருக்குப் போகிறது. அசைவை அவர் தருவார்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது. 2024 ஆகஸ்ட் 26 அன்று, ஃபினாலேயின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் அறிவித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அதில் எழுதியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆயுள் உழைப்பு அந்த ஒரு மென்பொருள் மட்டுமே முழுதாகப் படிக்கக்கூடிய கோப்புகளில் கிடந்தது. கைகொடுத்தது மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவம். மைக்கேல் குட் என்பவர் உருவாக்கி 2004இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். அதைத் திறந்து பார்த்தால் வெறும் எழுத்துகள்தான். நம் ‘ரி’யாக நின்ற கட்டைக்கு, ‘படி டி, மாற்றம் 1’ என்று இருக்கும். ‘க’வாக நின்ற அதே கட்டைக்கு, ‘படி ஈ, மாற்றம் கழித்தல் 1’. மிடி தொலைத்த பெயரை இது காப்பாற்றுகிறது. பக்க அழகில் நீங்கள் செய்த நுண்ணிய திருத்தங்கள் பல இதில் தங்காமல் போகலாம், இசை தங்கும்.

எனவே என் யோசனை இது. இன்று தொடங்குபவர் மியூஸ்ஸ்கோரில் தொடங்கட்டும். செலவில்லை, பெரும்பாலான வேலைக்கு அது போதும். தேடித் தேடி மெட்டமைப்பவர், பெரிய குழுவுக்கு எழுதுபவர் டொரிக்கோவைப் பார்க்கட்டும். உடன் வேலை செய்வோரும் பள்ளியும் சிபேலியஸில் இருந்தால், கோப்பு கைமாற அதுவே வசதி. இவை இரண்டுக்கும் சில வாத்தியங்களோடு நிற்கும் இலவசப் பதிப்புகள் உண்டு. புத்தகம் பதிப்பிப்பவர், தட்டச்சில் கை பழகியவர் லில்லிபாண்டுக்கு ஒரு மாதம் கொடுக்கட்டும். எதை எடுத்தாலும், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஒரு மியூசிக்எக்ஸ்எம்எல் பிரதியும் ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுத்து வையுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் உங்கள் பாட்டிலேயே நெருக்கமான எட்டு பாரை இரண்டு மென்பொருளில் எழுதி அச்செடுங்கள். ஸ்டாண்டில் வைத்து, மூன்றடி தள்ளி நின்று, வாத்தியம் வாசிக்கும் ஒருவரை முதல் பார்வையிலேயே வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கண் எங்கே தடுமாறுகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில் எந்தத் தாள் குறைவாகத் தடுமாற வைத்ததோ அதுவே உங்கள் மென்பொருள்.

அந்த டிசம்பர் தாளை மறுநாளே மாற்றினேன். முதல் பக்கத்தில் ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் நெருக்கி, இரண்டு பாரை உள்ளே இழுத்தேன். அடுத்த ஒத்திகையில் அதே பெண், நான்கு தட்டு ஓய்வில் வில்லை மடியில் இறக்கிவிட்டு, ஒரு விரலால் தாளைப் புரட்டினாள். ஐந்தாவது தட்டில் வில் மறுபடி தந்தியில் இருந்தது.