மறைந்திருக்கும் பின்னொட்டு

விடுமுறையில் பைத்தான் என்னும் கணினி மொழியைக் கற்கத் தொடங்கிய சிறுவன் ஒருவன், நோட்பேடில் ஒற்றை வரி நிரல் எழுதி, ஆங்கில எழுத்துக்களில் ‘வணக்கம்.பிஒய்’ எனப் பெயரிட்டுச் சேமிக்கிறான். இயக்க முற்படுகையில், அப்படியொரு கோப்பே இல்லை எனக் கணினி மறுக்கிறது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது! அழித்து அழித்து மீண்டும் எழுதுகிறான். “உனக்கு இதெல்லாம் வராது” என்ற சொல் வீட்டில் எவர் வாயிலிருந்தேனும் விழுந்துவிட்டால், கற்கும் ஆர்வம் அன்றே கருகிவிடும்.

பிழை அவன் எழுதிய நிரலில் இல்லை. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துக்களே அது எவ்வகையானது என்பதை விண்டோஸுக்கு உணர்த்துகின்றன. இப்பின்னொட்டை எக்ஸ்டென்ஷன் என்பர். பைத்தானுக்குரியது ‘.பிஒய்’, வெறும் உரைக்குரியது ‘.டிஎக்ஸ்டி’. நோட்பேட் உரை எழுதுவதற்கென அமைந்ததாகையால், நாம் இட்ட பெயருக்குப் பின்னும் தன் பின்னொட்டைச் சேர்த்துவிடுவதுண்டு. அப்போது கோப்பின் உண்மைப் பெயர் ‘வணக்கம்.பிஒய்.டிஎக்ஸ்டி’. ஆனால், 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 முதல், தான் அறிந்த பின்னொட்டுகளை மறைத்தே காட்டுவது விண்டோஸின் வழக்கம். ஆகவே கடைசிப் பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை.

தீர்வு எளிது. சேமிக்கும்போது பெயருக்குக் கீழே ‘சேவ் ஆஸ் டைப்’ என்றிருக்கும் இடத்தில் ‘ஆல் பைல்ஸ்’ என்பதைத் தேர்ந்துகொள்க. அல்லது பெயரை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இடுக. முன்னரே சேமித்த கோப்பாயின், மறைந்ததை முதலில் வெளிக்கொணர வேண்டும். கோப்புகளைக் காட்டும் சாளரத்தின் ‘வியூ’ பகுதியில் ‘பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைக் குறியிடுக. விண்டோஸ் 11இல் அது ‘வியூ’வுக்குள் ‘ஷோ’ என்பதன் கீழ் உள்ளது. பின்னர்ப் பெயரிலிருந்து ‘.டிஎக்ஸ்டி’யை நீக்குக. கோப்பு பயனற்றுப் போகலாம் எனக் கணினி எச்சரிக்கும். அஞ்சாது இசைவு தருக.

இட்ட குறியை அப்படியே விட்டுவைப்பது குடும்பத்துக்கே பாதுகாப்பு. 2000ஆம் ஆண்டு மே மாதம் ‘ஐ லவ் யூ’ என்னும் தலைப்புடன் மின்னஞ்சலில் பரவிய நச்சு நிரல் இம்மறைவையே பயன்படுத்திக்கொண்டது. அதன் இணைப்பின் பெயர் ‘.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’ என முடிந்தது. இறுதிப் பகுதி மறைந்திருந்தமையால், வெறும் கடிதமென நம்பித் திறந்தோர் பலர். உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன.

பிள்ளைகள் மனந்தளராதிருக்கத் தந்தையர் காக்கவேண்டிய நிதானத்தைப் புனித சின்னப்பர் கொலோசெயர் திருமுகத்தில் நினைவூட்டுகிறார். பெற்றோரே, கடிந்துகொள்ளுமுன் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அக்கோப்பின் முழுப் பெயரை ஒருமுறை பாருங்கள்.