வேனுக்குள் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்

கேம்பர் வேனில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். எஞ்சினைக் கிளப்புவது வண்டி பேட்டரி. வண்டி நின்ற பிறகு விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை ஓட்டுவது வீட்டு பேட்டரி. வண்டி பேட்டரி, சில நொடிகளுக்குப் பல நூறு ஆம்பியர் கொடுத்துவிட்டு, வண்டி ஓடத் தொடங்கியதும் மறுபடி நிரம்பிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அதில் ஃபேனைப் போட்டுவிட்டு இரவு முழுக்கத் தூங்கினால் காலையில் செல்ஃப் அடிக்காது. ஆனைமலை அடிவாரத்துத் தோப்புக்குள் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான். ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்று இறங்கினாலும் மற்றொன்றைத் தொடாதபடி அமைப்பது முதல் வேலை. அதன் பிறகு எழும் கேள்வி, கரண்ட் இணைப்பே இல்லாத இடத்தில் வீட்டு பேட்டரியை எதைக் கொண்டு நிரப்புவது என்பது.

வண்டியிலேயே குடியிருப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் லாரிகளின் ஆட்கள் வட மாநிலங்களில் மாதக்கணக்கில் வண்டியோடுதான் வாழ்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் சினிமா படப்பிடிப்புக்கு வரும் கேரவன்கள் நடிகர்களுக்கு ஏசி அறையாகவே பயன்படுகின்றன. அவற்றுக்கு ஜெனரேட்டர் துணை உண்டு. டிராவலர் போன்ற வேன்களைக் கட்டில், அடுப்படி வைத்து மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு வால்பாறைக்கும் ஊட்டிக்கும் போகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. இரவில் ஜெனரேட்டர் உறுமினால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சும்மா இருக்க மாட்டார். புகையில் கலந்து வரும் கார்பன் மோனாக்சைடு மூடிய வேனுக்குள் புகுந்தால் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

பேட்டரியை நிரப்புவதற்கு முன்னால் செலவைக் கணக்கிட வேண்டும். 30 வாட் எடுக்கும் 12 வோல்ட் ஃபேன் இரவு 10 மணி நேரம் ஓடினால் 300 வாட்-மணி. எல்இடி விளக்குகளுக்கு 60. சிறிய கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் 45 வாட்டில் விட்டுவிட்டு ஓடி, நாள் முழுவதற்கும் சுமார் 450 எடுக்கும். நான்கு செல்போன்களுக்கு 60, ஒரு லேப்டாப்புக்கு 60, தண்ணீர் மோட்டாருக்கு 10. கூட்டினால் 940. ஏறக்குறைய 1,000 வாட்-மணி, அதாவது ஈபி பில்லில் ஒரு யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த வேன் இரண்டு மாதம் முழுக்க ஓடினாலும் 60 யூனிட்தான் ஆகும். கேட்கச் சிறியதாகத் தோன்றும் இந்த ஒரு யூனிட்டைத்தான் தினமும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கை உடைப்பவை சூடாக்கும் பொருள்களும் குளிராக்கும் பொருள்களும். 1,800 வாட் இண்டக்ஷன் அடுப்பில் அரை மணி நேரம் சமைத்தால் 900 வாட்-மணி போய்விடும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் ஒரே மூச்சில் இழுக்கும். சமையலுக்குச் சின்ன கேஸ் சிலிண்டர் போதும். ஏசி ஓர் இரவுக்கு 4, 5 யூனிட் கேட்கும் என்பதால் வேனின் கூரையில் கொள்ளும் பேனல்களை வைத்து அதைத் தினமும் ஓட்டுவது நடக்காது. கரண்ட் இல்லாத இடத்தில் தங்குகிறவர்கள் ஏசியை மறந்துவிட்டு, சற்று மேடான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவதே மேல்.

பேட்டரி வாங்கும்போது பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரிதான். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு நுழைந்தது அது. வீட்டு மூலையில் அசையாமல் நிற்பதற்கு அதைவிட நல்ல பேட்டரி இல்லை. வேனுக்கு அது ஒத்துவராது. 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றின் எடை 50 கிலோவைத் தாண்டும். கொண்டை ஊசி வளைவில் ஆசிட் தளும்பும். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் மூடிய இடத்தில் தேங்கும். அதோடு, ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் வாங்கிய கொள்ளளவில் பாதியைத்தான் உபயோகிக்க முடியும். அரைகுறையாக ஏறிய நிலையில் பல நாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிகமாக இறுகி, பிறகு முழு சார்ஜே ஏற்காது. மழைக்கால மலைப் பயணத்தில் நடப்பது அதுதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. 100 ஏஎச் கொண்டது சுமார் 12 கிலோதான். அதன் 1,280 வாட்-மணியில் ஆயிரத்தைத் தாராளமாக எடுக்கலாம். விலை அதிகம்தான். ஆனால் ஆண்டுக்கு இரண்டு பயணம் மட்டும் போகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பணம் வீணாகாது.

இனி வரவு. முதல் வழி வெயில். கோவைச் சமவெளியில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 5 யூனிட்டுக்குச் சற்று மேல். சூடு, தூசு, கம்பி, கன்ட்ரோலர் ஆகியவற்றில் போகும் சேதாரம் நீக்கி, கூரையில் 300 வாட் பேனல் இருந்தால் நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட் வந்துவிடும். பேனலைக் கூரையில் படுக்கை வாட்டில் பொருத்துவது ஐரோப்பாவில் பெரிய நஷ்டம். இங்கே அப்படி இல்லை. கோவை 11 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். மார்கழியில் மட்டும் அது தெற்கே 34 டிகிரி சாய்ந்துவிடும். அப்போது படுத்திருக்கும் பேனல் உச்சிவேளையில் ஆறில் ஒரு பங்கை இழக்கும்.

கொங்கு வெயிலின் குறை அதன் சூட்டில் இருக்கிறது. சித்திரை மத்தியானத்தில் பேனலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனலின் திறன் 0.4 சதவீதம் வரை குறைவதால் ஏழில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். பேனலுக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே காற்றோட இரண்டு அங்குல இடைவெளி விட வேண்டும். தகட்டோடு ஒட்டிவிடும் மெல்லிய பேனல்கள் இங்கே நல்ல தேர்வல்ல.

அதைவிடப் பெரிய எதிரி நிழல். பொள்ளாச்சிப் பக்கம் வேன் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாலும் தென்னந்தோப்பில்தான். பேனலுக்குள் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. குறுக்கே விழும் ஒரே ஓலையின் நிழல் இரண்டு மூன்று செல்களை மறைத்தாலே அந்தத் தொடரின் மின்னோட்டம் முடங்கும். பைபாஸ் டயோடு அந்தப் பகுதியை ஒதுக்கிவிடும்போது பேனலில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கணக்கிலிருந்து கழிந்துபோகும். ஓலை காற்றில் ஆடும், நிழலும் நகர்ந்துகொண்டே இருக்கும். பேனலில் விழும் நிழல் கையளவுதான், மானியில் தெரியும் இழப்போ பாதி. கூரையில் இரண்டு பேனல் இருந்தால், நிழலான இடங்களில் அவற்றைத் தொடராக அல்லாமல் இணையாக இணைப்பது நல்லது. ஒன்று முடங்கினாலும் மற்றது ஓடும். இன்னும் எளிய வழி, 100 வாட் மடக்குப் பேனல் ஒன்றை 10 மீட்டர் கம்பியோடு வைத்துக்கொள்வது. வேன் நிழலில் நிற்கும், பேனல் வெயிலில் காயும். மார்கழியில் தெற்குப் பார்த்துச் சாய்த்தும் வைக்கலாம். தேங்காய் விழுந்து கூரைப் பேனல் நொறுங்கும் பயமும் இல்லை, அந்த வட்டாரத்தில் அது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலரில் மலிவானது பிடபிள்யூஎம், விலை கூடியது எம்பிபிடி. வீட்டுக் கூரைக்கு வாங்கும் 36 வோல்ட், 9 ஆம்பியர் பேனலை பிடபிள்யூஎம் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் அதே 9 ஆம்பியர்தான் போகும். 324 வாட் பேனலிலிருந்து 120 வாட் அளவே கிடைக்கும். எம்பிபிடி, உபரி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். இங்கே மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது வழி வண்டியின் ஆல்டர்னேட்டர். பட்டறையில் இன்றும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். பழைய முறையில் ஒரு ரிலே வைத்து இரண்டு பேட்டரிகளையும் இணைத்துவிடுவார்கள். லித்தியம் பேட்டரிக்கு அது ஆபத்து. அதன் உள்தடை மிகக் குறைவு என்பதால் டைனமோ தரக்கூடியதையெல்லாம் இழுத்து, கடைசியில் டைனமோவையே எரித்துவிடும். மேலும் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி நடைமுறைக்கு வந்த பிறகு விற்கப்படும் பல வண்டிகளில், டீசலை மிச்சப்படுத்த டைனமோ அவ்வப்போது வோல்ட்டைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் நடுவில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று தேவை. 30 ஆம்பியர் சார்ஜர் சுமார் 400 வாட்டை நிதானமாக ஏற்றும்.

மலைப் பயணத்தில் இதன் அருமை தெரியும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டரை மணி நேரம் பிடிக்கும் அந்த ஏற்றத்தில் பேட்டரிக்குச் சரியாக ஒரு யூனிட் ஏறிவிடுகிறது. ஆனி, ஆடியில் வால்பாறை மேகத்துக்குள் கிடக்கும். அங்குள்ள சின்னக்கல்லாறு மாநிலத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த நாள்களில் 300 வாட் பேனல் கால் யூனிட் தந்தாலே பெரிது. அதே நேரம் மழை மறைவிலுள்ள பல்லடம், தாராபுரம் பக்கம் வெயில் கிடைக்கும், ஆனால் அங்கே போய் முகாமிட யாருக்கும் ஆசை வராது. கொங்கு நாட்டில் பேட்டரி கணக்கின் சிக்கலே இதுதான்: வெயில் இருக்கும் இடம் வேறு, மனம் போகும் இடம் வேறு. ஆகவே சமவெளிக்கு சோலார், மலைக்கு டைனமோ என்று இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் இந்த ஊருக்குச் சரிப்படும். மலையில் ஒரே இடத்தில் மூன்று நாள் நிற்காமல், ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு சுற்றுப் போய்வந்தால் பேட்டரி இறங்காது. கோடையில் ஊட்டிக்குப் போகிறவர்கள் காலை வெயிலை நம்பலாம். மத்தியானத்துக்கு மேல் இடிமழை மேகம் திரளும் என்பதால் லேப்டாப், கேமரா எல்லாவற்றையும் 12 மணிக்குள் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும்.

நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி ஏற்றுவது மோசமான வியாபாரம். ஒரு மணி நேரத்துக்கு லிட்டரை நெருங்கிய டீசல் எரியும். கிடைப்பது அரை யூனிட்டுக்கும் குறைவு. ஐட்லிங்கில் டைனமோ முழுத் திறனையும் தராது, சூடும் ஏறும்.

கம்பியின் கனம் பலரும் கோட்டைவிடும் இடம். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் 5 மீட்டர் இழுத்தால், போகவர 10 மீட்டரில் 30 ஆம்பியருக்கு 2.2 வோல்ட் விழுந்துவிடும். புறப்பட்ட 14 வோல்ட் 12-க்குக் கீழே வந்து சேரும். பேட்டரி ஏறாது, கம்பிதான் சூடேறும். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இந்த இழப்பு 0.35 வோல்ட்தான். கம்பியின் இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும்.

பல்லடம், உடுமலை வழியாகப் போகும்போது இருபுறமும் சுழலும் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு வேனில் ஒரு குட்டிக் காற்றாடி வைக்கலாமே என்று தோன்றும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறுவது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலைகளின் உயரத்தில் அடிக்கும் வேகம் தரையில் தோப்புக்குள் கிடையாது. மணிக்கு 16 கிலோமீட்டர் காற்றில் ஒரு மீட்டர் விட்டக் காற்றாடி 10, 15 வாட் தரும். கம்பம் நட்டு, அதிர்வைச் சகித்துக்கொள்ளும் பாடு அதற்குத் தகாது.

காட்டுக்குள் நினைத்த இடத்தில் தங்க வனத்துறை அனுமதிக்காது என்பதால் பல இரவுகள் தோட்டத்து வீட்டிலோ எஸ்டேட் விடுதியிலோதான் கழியும். அங்கே ஒரு பிளக் கிடைத்தால் 20 ஆம்பியர் சார்ஜர் நான்கு மணி நேரத்தில் ஒரு யூனிட்டை ஏற்றிவிடும். கேட்டுவிட்டு மாட்டுவதே முறை. பம்புசெட் கொட்டகையின் இணைப்பில் மட்டும் மாட்டக் கூடாது. விவசாயத்துக்கென்று தரப்படும் இலவச மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது விதிமீறல், சிக்கல் தோட்டக்காரருக்குத்தான்.

எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதிலும் இரண்டு பேட்டரிக்கும் வேறுபாடு உண்டு. ஈய பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் முழுக்க, 12.2 காட்டினால் பாதி. லித்தியம் பேட்டரி முக்கால்வாசியிலும் கால்வாசியிலும் ஏறத்தாழ அதே 13 வோல்ட்டைக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு கடைசியில் பொத்தென்று விழும். அதற்கு வோல்ட்மீட்டர் உதவாது. போகும் வரும் ஆம்பியரை எண்ணும் ஷண்ட் மானி தேவை.

லித்தியத்துக்குக் குளிரிலும் ஒரு நிபந்தனை. 0 டிகிரிக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுக்கும். தமிழ்நாட்டில் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் நீலகிரி. மார்கழி, தையில் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சியில் உறைபனி விழும். பேட்டரியை வண்டிக்கு அடியில் கட்டாமல் கட்டிலுக்குக் கீழே வைத்தால் ஆள் படுத்திருக்கும் அறையின் சூடே போதும். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று குளிரில் சார்ஜை நிறுத்தும் வகையா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

ஊர் திரும்பி வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் ஈய பேட்டரியை முழுக்க ஏற்றி, டிஸ்டில்ட் வாட்டர் பார்த்து, மாதம் ஒருமுறை மறுபடி ஏற்ற வேண்டும். லித்தியத்தைப் பாதி அளவில் நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, கூரைத் தகட்டுச் சூடு படாத இடத்தில் வைத்தால் போதும்.