ஆற்றுத் தண்ணீரும் எலிக்காய்ச்சலும்



ஆற்றிலே பரிசல் போடுகிறவரையும், வயலிலே நாற்று நடுகிறவரையும் ஒரே நோய் தாக்கும். அதுதான் எலிக்காய்ச்சல். இருவருக்குமே தண்ணீரில்தான் வேலை. துடுப்புப் பிடித்த கையில் கொப்புளம், சேற்றில் நின்ற காலில் சேற்றுப்புண். நோய்க் கிருமிக்கு அந்த வாசலே போதும்.

நல்ல தேகபலம் உள்ளவர்களை இது ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனைச் சேர்ந்த ஆன்டி ஹோம்ஸ் 1984, 1988 ஒலிம்பிக் பந்தயங்களில் படகு வலித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவர் 2010-ல், 51 வயதில், இந்த நோயால் இறந்துபோனார்.

நோய் எப்படி வருகிறது? லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதன் மூத்திரம் வழியாகத் தண்ணீரிலும் சேற்றிலும் கலந்துவிடுகிறது. மாடு, நாய், பன்றி மூலமாகவும் பரவலாம். ஈரம் இருந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலில் காய்ந்தால் செத்துப்போகும். புண் வழியாகவும், கண், மூக்கு, வாய் வழியாகவும் உடம்புக்குள் போகும். மழை வெள்ளம் வந்து வடிகிற சமயத்தில் ஆபத்து அதிகம்.

தடுப்பது எப்படி?

வேலைக்கு இறங்கும் முன் கை, காலில் உள்ள புண்ணைத் தண்ணீர் புகாத பிளாஸ்திரியால் மூடுங்கள். நடவுச் சேற்றில் ரப்பர் பூட்ஸ் போட்டு நடக்க முடியாது, அது தெரிந்ததுதான். ஆகவே, புண் ஆறும் வரை மேட்டு வேலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. கரையேறியதும் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் குடிக்காதீர்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

எலியையும் ஒழிக்க வேண்டும். வரப்பை அகலமாக விடாமல் குறுக்கி வெட்டினால் வளை தோண்ட இடம் இருக்காது. தஞ்சாவூர் கிட்டி வைத்துப் பிடிக்கலாம். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

கிருமி புகுந்த பிறகு, பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் வரும். குளிர், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி ஆகியவை அடையாளங்கள். சிலருக்குக் கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும். 'மஞ்சள் காமாலைதானே' என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அதற்குள் சிறுநீரகம் பழுதாகிவிடலாம்.

உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போனதும், "நான் ஆற்றிலே, சேற்றிலே வேலை செய்கிறவன்" என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற மருந்துகள் நன்றாக வேலை செய்யும். வெள்ளக் காலத்தில் முன்கூட்டியே மாத்திரை சாப்பிடுவதும் உண்டு. ஆனால் அதை டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

ஒரு பிளாஸ்திரியும் ஒரு துண்டு சோப்பும் பெரிய செலவில்லை. காய்ச்சலில் படுத்துவிட்டால், நடவும் நிற்கும், பரிசலும் நிற்கும்.