மகன் மறைந்தான், இதயம் துடித்தது!

காஞ்சீபுரம் ஏகாம்பரநாதர் கோவிலில் சுந்தரருக்கு ஒரு கண்ணின் பார்வை திரும்பக் கிடைத்தது என்பது பெரியபுராணக் கதை. அது தெய்வத்தின் கருணை.

மனிதர்களின் கருணையால் நடந்த அதிசயம் ஒன்று உண்டு. அதுவும் காஞ்சீபுரம் மாவட்டத்து மக்களால் நடந்ததுதான். ஆண்டு 2008.

திருக்கழுக்குன்றத்தில் வாழ்ந்தவர் டாக்டர் அசோகன். அவர் மனைவி புஷ்பாஞ்சலியும் டாக்டர். அந்த ஊர் அப்போது காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது.

அவர்களுடைய மகன் ஹிதேந்திரன். வயது 15. செப்டம்பர் மாதம் மோட்டார் சைக்கிளில் சென்றபோது விபத்தில் சிக்கினான். தலையில் பலத்த அடி. சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பலன் இல்லை. மூளை இறந்துவிட்டது.

எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்த பெற்றோர்! சொந்த மகனைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு முடிவு செய்தார்கள். மகனுடைய உறுப்புகளைப் பிறருக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

11 நிமிடம்

முகப்பேரில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு இதயம் வேண்டும்.

உடலிலிருந்து எடுத்த இதயம் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். சென்னை நெரிசலில் எப்படிக் கொண்டுபோவது? போலீசார் வழிநெடுக வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்கள். 11 நிமிடத்தில் இதயம் போய்ச் சேர்ந்தது!

தறியில் பாவு தீர்ந்தால், பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள் அல்லவா? அதுபோல டாக்டர்கள் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். சிறுமியின் மார்பில் ஹிதேந்திரனின் இதயம் துடித்தது.

"மூச்சு இருக்கிறதே!"

"மார்பு ஏறி இறங்குகிறதே, எப்படி இறந்துவிட்டான் என்கிறீர்கள்?" என்று உறவினர்கள் கேட்பது வழக்கம். மூச்சு விடுவது அவர் அல்ல, கருவி. அதை எடுத்தால் மூச்சும் நின்றுவிடும்.

மயக்கத்தில் கிடப்பவர் பிழைத்து எழலாம். மூளை இறந்தவர் எழுவதில்லை. இதை ஒரே டாக்டர் முடிவு செய்துவிட முடியாது. 4 டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் 2 முறை சோதிக்க வேண்டும். 1994-ம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் அதே சட்டப்படி குற்றம்.

ஒருவரால் இதயம், கல்லீரல், நுரையீரல், 2 சிறுநீரகம் ஆகியவற்றைக் கொடுக்க முடியும். கண் தானத்துக்கோ ஆஸ்பத்திரியில் இறக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் இறந்தாலும் கொடுக்கலாம். 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்பதால் உடனே தகவல் சொல்ல வேண்டும். கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம். வயதானவரும் கொடுக்கலாம்.

வீட்டில் சொல்லிவையுங்கள்

இப்படி உறுப்புகளைக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

ஆனால் கடைசியில் சம்மதம் கேட்பது குடும்பத்தாரிடம்தான். கதறி அழும் நேரத்தில் அவர்களுக்கு என்ன தோன்றும்? "அவர் விருப்பம் என்னவோ, தெரியவில்லையே" என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நேரம் ஓடிவிடும்.

ஆகவே உங்கள் விருப்பத்தை இன்றே வீட்டில் சொல்லிவையுங்கள். இரவு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்காரும்போது சொன்னால் போதும்.