பூக்காரப் பிள்ளைக்குக் கிடைக்காத மகுடம்!

"முடிவை மாற்றிவிட்டார்களே!"

2023 ஏப்ரல் 28-ந் தேதி வெளிவந்த "பொன்னியின் செல்வன்" இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு, கதையைப் படித்திருந்தவர்கள் சொன்ன குறை இது. செம்பாக்கத்து வீடுகளிலும் கேட்டுப் பாருங்கள். புத்தகம் படித்த பாட்டி ஒரு கட்சி. படம் மட்டும் பார்த்த பேரன் ஒரு கட்சி!

அப்படி என்ன மாறியது?

கல்கியின் கதையில், அருள்மொழிவர்மன் தனக்கு வந்த மகுடத்தைச் சேந்தன் அமுதனுக்குச் சூட்டுகிறான். கோயிலுக்குப் பூமாலை கட்டி வந்த ஏழைப் பிள்ளை அவன். செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அவன்தானாம்! அவனை மணந்த ஓடக்காரப் பெண் பூங்குழலி அரசியாகிறாள்.

மணிரத்னத்தின் படத்திலோ, அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனே முடி சூடுகிறான்.

"பூக்காரப் பிள்ளை அரசனாவதுதானே கதையின் இனிப்பு?" என்று பாட்டி கேட்பது நியாயம்தான்.

பேரனுக்கும் ஒரு சாட்சி உண்டு. அது சரித்திரம். செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழன் ஆண்டான். அவனுக்குப் பின் 985-ல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தான். பிள்ளை மாறிய சம்பவம் கல்கியின் கற்பனை.

இன்னொரு சேதி. 1950-ல் "கல்கி" இதழில் தொடங்கிய தொடர்கதை 1954-ல் முடிந்தபோதும் வாசகர்கள் குறைப்பட்டார்கள். "அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்?" என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார்.

இரண்டிலும் மாறாதது ஒன்று உண்டு. கைக்கு வந்த முடியை அருள்மொழி விட்டுக் கொடுக்கிறான்.

பேரப்பிள்ளைகளே! ஐந்தாம் பாகத்தை எடுத்துப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். தீர்ப்பைப் பிறகு சொல்லலாம்.